தேரும் சந்தையும்: சிறு ஓட்டங்கள் ஊருக்கு என்ன தருகின்றன?

வேல்ஸின் நடுப்பகுதியில், பவிஸ் மாவட்டத்தில் லனூர்டிட் வெல்ஸ் என்றொரு ஊர் இருக்கிறது. பிரிட்டனின் மிகச் சிறிய நகரம் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ 850 பேர்.

அந்த ஊரை உலகம் அறிய வைத்தது முதலில் ஒரு தவளை. 1732-இல் தியோஃபிலஸ் எவன்ஸ் என்ற பாதிரியார், கெட்ட வாடை அடித்த கந்தக ஊற்று ஒன்றில் தவளை துள்ளித் திரிவதைக் கண்டு, 'இதற்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் எனக்கும் ஆகாது' என்று அந்தத் தண்ணீரைக் குடித்தாராம். அவரைப் பிடித்திருந்த நோய் நீங்கியதாம். அதன்பிறகு உடம்பைத் தேற்றிக்கொள்ள வருகிறவர்கள் பெருகினார்கள். விக்டோரியா காலத்தில் ரயில் வந்தது. கூட்டத்துக்கேற்ப விடுதிகளும் எழும்பின. இருபதாம் நூற்றாண்டில் ஊற்று நீர் வைத்தியத்தின் மவுசு போய்விட்டது. கூட்டம் நின்றது, விடுதிகள் நின்ற இடத்திலேயே நின்றன.

அப்படி நின்ற விடுதிகளில் ஒன்று நெயத் ஆர்ம்ஸ். அதை நடத்திவந்த கோர்டன் கிரீன், தன் மதுக்கூடத்தில் இரண்டு பேர் வாதாடுவதைக் கேட்டார். மேடும் பள்ளமுமான நெடுந்தூரத்தில் மனிதன் குதிரைக்குச் சளைத்தவனல்ல என்பது ஒருவர் கட்சி. பேசித் தீர்ப்பதைவிட ஓடிப் பார்த்துவிடலாம் என்று கிரீன் முடிவுசெய்தார். 1980-இல் முதல் 'மனிதனா குதிரையா' மாரத்தான் நடந்தது. ஏறத்தாழ 35 கிலோமீட்டர், காடும் மலையும் ஓடையும். மனிதர்கள் கால் மணி நேரம் முன்னால் புறப்படுவார்கள்; குதிரைகள் பின்னால் வரும்; முடிவில் அந்தக் கால் மணியைக் கழித்து நேரத்தைச் சரிபார்ப்பார்கள். மனிதன் வென்றால் பரிசு உண்டு. வெல்லாவிட்டால் அந்த ஆண்டின் 1,000 பவுண்டு அடுத்த ஆண்டின் பரிசோடு சேர்ந்துகொள்ளும். அப்படிச் சேர்ந்து சேர்ந்து 25,000 பவுண்டாகியிருந்தபோது, 2004-இல், ஹியூ லாப் என்ற ஓட்டக்காரர் 2 மணி 5 நிமிடச் சொச்சத்தில் ஓடி, முதல் குதிரையை இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் முந்தினார். அந்த ஆண்டு ஓடியவர்கள் சுமார் 500 பேர், குதிரைகள் 40.

850 பேர் இருக்கும் ஊரில் 500 ஓட்டக்காரர்கள், கூடவே அவர்கள் குடும்பம், குதிரைக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஒரு சனிக்கிழமைக்கு ஊர் இரண்டு மடங்காகிறது. இதனால் ஊருக்கு என்ன கிடைத்தது என்பது எளிய கேள்வி போலத் தோன்றும். பொருளாதார ஆய்வில் மிக அதிகமாகத் தவறான விடை சொல்லப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்று.

கணக்கு எங்கே பிசகுகிறது

ஓட்டம் நடத்துகிறவர்கள் நகராட்சியிடமோ ஸ்பான்சரிடமோ போகும்போது கையில் ஓர் அறிக்கை இருக்கும். இத்தனை ஆயிரம் பேர் வருவார்கள், ஆளுக்கு இவ்வளவு செலவழிப்பார்கள், ஆகவே ஊருக்கு இத்தனை கோடி. இந்தப் பெருக்கலில் இறுதியாக இன்னோர் எண்ணும் சேரும். அதுதான் 'பெருக்கி'.

பெருக்கி என்பது ஏமாற்று வித்தையல்ல. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ரிச்சர்ட் கான் 1931-இல் எழுதிய கட்டுரையில் தெளிவான வடிவம் பெற்று, பிறகு கெயின்ஸின் கோட்பாட்டுக்கு முதுகெலும்பான கருத்து அது. ஓடிவிட்டு வந்தவர் டீக்கடையில் 100 ரூபாய் கொடுக்கிறார். கடைக்காரர் அதில் பால்காரருக்கும் கடையில் வேலை செய்யும் பையனுக்கும் ஒரு பங்கு கொடுக்கிறார். அவர்களும் அதில் ஒரு பங்கை உள்ளூரிலேயே செலவழிக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கிடைத்ததில் நூற்றுக்கு 40 பங்கு ஊரிலேயே தங்கினால், முதல் 100 ரூபாய் கடைசியில் சுமார் 167 ரூபாய் வியாபாரமாகும். நூற்றுக்கு 20 பங்குதான் தங்குகிறதென்றால் 125 ரூபாய். மிச்சம் தேயிலைக் கம்பெனிக்கும் எரிவாயு நிறுவனத்துக்கும் மாவட்டத் தலைநகரின் மொத்த வியாபாரிக்கும் போய்விடுகிறது. இதைக் கசிவு என்பார்கள்.

ஊர் சிறிதாகச் சிறிதாகக் கசிவு கூடும். சிறிய ஊரில் எதுவும் விளைவதில்லை என்பதற்காக அல்ல. அங்கே விற்கிற பொருள்களில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வருபவை என்பதற்காக. ஆகவே ஒரு மாநிலத்துக்குக் கணக்கிட்ட பெருக்கியை எடுத்துவந்து ஒரு பேரூராட்சியின் தலையில் வைப்பது முதல் பிழை.

அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிராம்ப்டன், விளையாட்டு நிகழ்ச்சிகளின் பொருளாதாரப் பயனைக் கணிக்கும் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளை 1995-இல் ஒரு கட்டுரையில் பட்டியலிட்டார். மொத்தம் 11. உள்ளூர்க்காரர் செலவையும் வரவில் சேர்ப்பது, எப்படியும் அந்த ஊருக்கு வரவிருந்தவர்களையும் நிகழ்ச்சிக்காக வந்தவர்களாக எண்ணுவது, கடை வியாபாரத்தையும் குடும்பங்களின் வருமானத்தையும் ஒன்றாகக் குழப்புவது, 'உள்ளூர்' எது என்று எல்லை வகுக்காமல் விடுவது, வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டுவிடுவது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. முப்பது ஆண்டுகள் கழித்தும் அந்தப் பட்டியல் பழசாகவில்லை.

ஒரு மலையடிவார ஊரின் கணக்கு

பிழைகள் எவ்வளவு பெரியவை என்பதைப் பார்க்க ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். எண்கள் எளிமைக்காக நான் வைத்துக்கொண்டவை. கணக்கின் போக்குத்தான் முக்கியம்.

மலையடிவாரத்தில் ஓர் ஊர். அங்கே 10 கிலோமீட்டர் ஓட்டம். 500 பேர் பதிவு செய்கிறார்கள். 350 பேர் உள்ளூர், 150 பேர் வெளியூர். நுழைவுக் கட்டணம் 600 ரூபாய். ஆக 3 லட்சம். வெளியூர்க்காரர் ஆளுக்கு லாட்ஜ், சாப்பாடு, ஆட்டோ என்று 1,500 ரூபாய் செலவழிக்கிறார்; ஆக 2.25 லட்சம். உள்ளூர்க்காரர்கள் ஓட்டம் முடிந்து ஆளுக்கு 100 ரூபாய்க்கு டிபன் சாப்பிடுகிறார்கள், ஆக 35,000. மூன்றையும் கூட்டினால் 5.6 லட்சம். பெருக்கி 2 என்று வைத்துக்கொண்டால் 11.2 லட்சம். மேடையில் அறிவிப்பதற்கு நல்ல தொகை.

இப்போது கழிக்கத் தொடங்குவோம். உள்ளூர்க்காரர் கட்டிய 2.1 லட்சம் ஏற்கெனவே ஊரில் இருந்த பணம். இந்த ஓட்டம் இல்லாவிட்டால் ஜவுளிக் கடையிலோ சினிமாவிலோ செலவாகியிருக்கும். அவர்கள் டிபன் சாப்பிட்ட 35,000-மும் அப்படியே. வெளியூர்க்காரர் 150 பேரில் 30 பேர் அந்த வாரம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு எப்படியும் வரவிருந்தவர்கள் என்று வைத்துக்கொண்டால், அவர்களுடைய 45,000 செலவையும் கழிக்கவேண்டும். ஓட்டத்தால் ஊருக்குள் புதிதாக வந்தது: வெளியூர்க் கட்டணம் 90,000, வெளியூர்ச் செலவு 1.8 லட்சம், மொத்தம் 2.7 லட்சம்.

வந்தது இவ்வளவு, போனது? டி-சர்ட் ஒன்று 200 ரூபாய் வீதம் 1 லட்சம். பதக்கம் ஒன்று 80 ரூபாய் வீதம் 40,000. நேரம் குறிக்கும் சிப்புக்குப் பெருநகரத்து நிறுவனம் ஒன்றுக்கு ஆளுக்கு 100 ரூபாய் வீதம் 50,000. மூன்றும் ஊருக்கு வெளியே போகும் பணம், 1.9 லட்சம். ஊரில் மிஞ்சியது 80,000. சிறிய ஊருக்குப் பொருந்தும்படி பெருக்கியை 1.25 என்று வைத்தால் 1 லட்சம். மேடையில் 11.2 லட்சமாக இருந்தது கணக்குப் புத்தகத்துக்கு வரும்போது பதினோரு பங்கில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிட்டது. இந்த 1 லட்சமும் வியாபாரம்தான். கூலியாகவும் லாபமாகவும் வீட்டுக்குப் போவது அதிலும் குறைவு.

இதோடு விட்டுவிட்டால் சிறு ஓட்டங்களால் பயனில்லை என்றே தோன்றும். இன்னோர் அடி எடுத்துவைப்போம். அதே ஓட்டம், அதே 500 பேர். டி-சர்ட்டும் பதக்கமும் வேண்டாம் என்று முடிவுசெய்து, அவற்றுக்கான 280 ரூபாயைக் கட்டணத்தில் குறைத்து 320 என்று வைக்கிறார்கள். வெளியூர்க் கட்டணம் 48,000 ஆகக் குறைகிறது. அவர்கள் செலவு 1.8 லட்சம் மாறவில்லை; வெளியே போவது சிப்புக்கான 50,000 மட்டும். மிஞ்சுவது 1.78 லட்சம். முன்னதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த 98,000 ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? 350 உள்ளூர்க்காரர்களின் ஆளுக்கு 280 ரூபாயிலிருந்து. முதல் கணக்கில் உள்ளூர் ஓட்டக்காரர்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்து 98,000 ரூபாயை எடுத்து, வெளியூர்த் துணி ஆலைக்கும் பதக்கப் பட்டறைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு வருமானம் தேடித்தரும் நிகழ்ச்சி என்ற பெயரில். பந்தயத்துக்குப் போகிறவர் வீட்டு அலமாரியில் மடிப்புக் கலையாமல் கிடக்கும் டி-சர்ட்டுகளை எண்ணிப் பார்த்தால் இது வெறும் கற்பனைக் கணக்கல்ல என்பது புரியும்.

'உள்ளூர்' என்ற எல்லை ஏன் முக்கியம் என்பதும் இங்கே விளங்கும். டி-சர்ட் திருப்பூரிலிருந்து வந்தால் மலையடிவார ஊருக்கு நஷ்டம்; தமிழ்நாட்டுக்கு நஷ்டமில்லை. அதே ஓட்டத்தைத் திருப்பூரிலேயே நடத்தினால் டி-சர்ட்டுக்குக் கொடுத்த பணத்தில் நல்ல பங்கு ஊருக்குள்ளேயே சுற்றும். எந்த ஊரின் பேரேட்டை எழுதுகிறோம் என்று சொல்லாமல் போடும் எந்தக் கணக்குக்கும் அர்த்தமில்லை.

காலி அறையின் மதிப்பு

சிறு நிகழ்ச்சி, பெரு நிகழ்ச்சி ஆகியவற்றின் பொருளாதார விளைவை ஒப்பிட்டு நோலா ஆகாவும் மரைக் டாக்ஸும் 2015-இல் ஒரு கோட்பாட்டுக் கட்டுரை எழுதினார்கள். ஒரு நிகழ்ச்சி எத்தனை பேரை இழுக்கிறது என்று மட்டும் பார்க்காமல், அதற்கு என்னென்ன வேண்டும், அவற்றில் எவையெல்லாம் அந்த ஊரில் ஏற்கெனவே சும்மா கிடக்கின்றன என்று பார்க்கவேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். தேவையும் கையிருப்பும் பொருந்தினால் சிறு நிகழ்ச்சியும் லாபம். பொருந்தாவிட்டால் உலகக் கோப்பையும் நஷ்டம்.

லனூர்டிட் வெல்ஸை இந்தக் கண்ணோடு பார்த்தால் கோர்டன் கிரீன் செய்த காரியத்தின் சூட்சுமம் பிடிபடும். ஊற்று நீர்க் காலத்து விடுதிகள் ஏற்கெனவே கட்டப்பட்டு, ஆள் வராமல் கிடந்தன. ரயில் பாதை இருந்தது. காடும் மலைப் பாதையும் இருந்தன. குதிரைகளும் அந்த வட்டாரத்துக்குப் பழக்கமானவைதாம். மட்டக்குதிரைச் சவாரிச் சுற்றுலாவுக்கு அந்த ஊர் ஏற்கெனவே பேர்போனது. புதிதாக ஸ்டேடியம் கட்டவேண்டியதில்லை, சாலை போடவேண்டியதில்லை. காலி அறையில் ஒருவர் தங்கினால் வரும் வாடகையில் பெரும்பகுதி மிச்சம். அந்த அறைக்கான செலவு நூறாண்டுகளுக்கு முன்பே செய்தாகிவிட்டது.

பரிசுப் பணத்தின் அமைப்பையும் கவனிக்கலாம். 24 ஆண்டுகள் யாரும் வாங்காத பரிசு அது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தொகை ஏறியபோது செய்தித்தாள்களுக்கு ஒரு கதை கிடைத்தது. பந்தயம் கட்டுவதைத் தொழிலாகக் கொண்ட வில்லியம் ஹில் நிறுவனம் அந்தப் பரிசுக்குப் பின்னால் நின்றது. 850 பேர் உள்ள ஊர் தன் கைக்காசில் வாங்க முடியாத விளம்பரம் இது.

ஊர் அந்த ஒரு சனிக்கிழமையோடு நிற்கவுமில்லை. 1980-களின் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசியில், சேற்று வாய்க்காலில் மூச்சுக்குழாய் வைத்து நீந்தும் உலகச் சாம்பியன் போட்டியும் அங்கே நடக்கிறது. வேறு சில விசித்திர விழாக்களும் உண்டு. ஒன்று ஜூனில், ஒன்று ஆகஸ்டில், குளிர்காலத்துக்குச் சில என்று பரப்பிவைத்திருப்பதால் ஒரே வாரத்தில் அறை கிடைக்காமல் அல்லாடுவதும் மற்ற வாரங்களில் ஈ ஓட்டுவதும் ஓரளவு குறைகிறது.

நம் பக்கத்திலும் இதை உரசிப் பார்க்கலாம். 2008-இல் தொடங்கிய ஆரோவில் மாரத்தானில் நேரம் குறிப்பதில்லை, முதல் இரண்டாம் பரிசு இல்லை; செம்மண் காட்டுப் பாதையில் ஓடிய மகிழ்ச்சிதான் பரிசு என்பது கொள்கை. நாம் மேலே போட்ட கணக்கில் வெளியே ஓடிய பணத்தில் ஒரு பகுதி இப்படிப்பட்ட ஓட்டத்தில் தானாகவே மிச்சம். ஆனால் அது நடந்துவந்தது பிப்ரவரியில். புதுச்சேரிக்கு அது சுற்றுலாக் காலம். வார இறுதியில் அறை கிடைப்பதே கஷ்டம். அங்கே ஓட்டக்காரர் ஒருவருக்குக் கிடைத்த அறை, வேறொரு சுற்றுலாப் பயணிக்குக் கிடைக்காமல் போன அறையாகவும் இருக்கலாம். வெயிலை நினைத்தால் ஓட்டத்துக்கு பிப்ரவரியே நல்லது; ஊர் வருமானத்தை நினைத்தால் கூட்டமில்லாத மாதம் நல்லது. இந்த இழுபறி தமிழ்நாட்டில் ஓட்டம் நடத்தும் ஒவ்வோர் ஊருக்கும் உண்டு.

பெரிய மாரத்தான்களுக்கு இந்தச் சிக்கல் பல மடங்கு. 1970-இல் நியூயார்க் மாரத்தான் சென்ட்ரல் பார்க்கில் தொடங்கியபோது ஒரு டாலர் கட்டணத்தில் 127 பேர் புறப்பட்டு 55 பேர் ஓடி முடித்தார்கள். ஊருக்குச் செலவென்று பெரிதாக ஒன்றுமில்லை. 1976-இல் அது பூங்காவை விட்டு வெளியேறி நகரத்தின் ஐந்து பகுதிகளையும் சுற்றத் தொடங்கியது. அப்படி வளர்ந்த பிறகு பாலங்களை மூடவேண்டும், ஆயிரக்கணக்கில் போலீஸ்காரர்களை நிறுத்தவேண்டும், அன்றைக்குக் கடைகளுக்கு வழக்கமாக வரும் வாடிக்கையாளர்கள் வரமுடியாது. வரவு பெரியது, கழிக்கவேண்டியதும் பெரியது.

வாரச் சந்தை

இதுவரை பேசியது தேரோட்டம் மாதிரி: ஆண்டுக்கு ஒருமுறை, ஊர் முழுக்கக் கூட்டம், மறுநாள் காலை தெருவில் காகிதக் குப்பை. சந்தை மாதிரியான ஓட்டமும் உண்டு: வாரம் தவறாமல், ஆர்ப்பாட்டமில்லாமல்.

2004 அக்டோபர் 2, சனிக்கிழமை. லண்டனின் தென்மேற்கில் டெடிங்டனை ஒட்டிய புஷி பார்க்கில் 13 பேர் 5 கிலோமீட்டர் ஓடினார்கள். அதை ஏற்பாடு செய்த பால் சின்டன்-ஹெவிட் அப்போது காயம் காரணமாக ஓட முடியாமல் இருந்தார்; நண்பர்களைச் சந்திக்கவாவது ஒரு சாக்கு வேண்டும் என்று நினைத்தார். ஓடி முடித்த வரிசைக்கு அடையாளமாகக் கொடுத்தது ஹார்டுவேர் கடையில் வாங்கிய வாஷர்கள். அவற்றில் எண் பொறித்திருந்தது. கட்டணம் கிடையாது. அடுத்த வாரமும் நடந்தது. அதற்கடுத்த வாரமும். 2007-இல் விம்பிள்டனில் இரண்டாவது இடம். பிறகு 'பார்க்ரன்' என்று பெயர் வந்தது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் 2,000-க்கும் மேற்பட்ட இடங்களில் சனிக்கிழமைக் காலைகளில் நடக்கிறது. இன்னும் இலவசம். டி-சர்ட் கையில் திணிப்பதில்லை, பதக்கம் இல்லை. நேரம் பார்ப்பதும் வழிகாட்டுவதும் அந்தந்த வட்டாரத் தன்னார்வலர்கள். ஓட்டக்காரர் கொண்டுவரவேண்டியது ஒரு பார்கோடு மட்டும்.

கட்டணமே இல்லாத ஓட்டத்தில் என்ன பொருளாதாரம்? பார்க்ரன் நடக்கும் இடங்களின் அறிமுகக் குறிப்புகளைப் பார்த்தால் பாதை எப்படி, வண்டி எங்கே நிறுத்தலாம் என்பவற்றோடு ஒரு வரி தவறாமல் இருக்கும்: ஓட்டம் முடிந்ததும் இன்ன காபிக் கடையில் கூடுவோம், நீங்களும் வாருங்கள். அந்த ஒரு வரிதான் இதன் வணிகத் திட்டம் முழுவதும்.

காலை ஒன்பது மணி ஓட்டம் பத்து மணிக்குள் பெரும்பாலோருக்கு முடிந்துவிடும். சனிக்கிழமை பத்து மணி என்பது பூங்காக் காபிக் கடையில் மேசைகள் காலியாக இருக்கும் நேரம். மதியக் கூட்டம் இன்னும் வரவில்லை. அந்த நேரத்தில் ஐம்பது பேர் வியர்வையோடு வந்து உட்கார்ந்தால், கடைக்காரர் கூடுதலாக வாங்கவேண்டியது பாலும் ரொட்டியும்தான். வாடகை, மின்சாரம், அடுப்பு எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை. ஆண்டுக்கு ஒருநாள் ஐயாயிரம் பேர் வந்தால் கடைக்காரர் தற்காலிக ஆள் தேடவேண்டும், சரக்கை யூகத்தில் வாங்கவேண்டும், மீந்தால் கொட்டவேண்டும். ஐம்பது வாரத்துக்கு வாரம் நூறு பேர் என்றாலும் மொத்தம் அதே ஐயாயிரம்தான். ஆனால் இதை நம்பி ஒருவரை நிரந்தரமாக வேலைக்கு வைக்கலாம். சந்தை நாளை நம்பி ஊரில் டீக்கடை போடலாம். தேர் நாளை நம்பி யாரும் கடை போடுவதில்லை.

கிராம்ப்டனின் பட்டியலை இங்கேயும் நீட்டவேண்டும். வருகிறவர்களில் பெரும்பாலோர் பக்கத்துத் தெருக்காரர்கள். அவர்கள் குடித்த காபி, வீட்டில் குடிக்காமல் விட்ட காபி. அல்லது வேறொரு கடையில் குடிக்காத காபி. ஊர் என்ற அளவில் புதுப்பணம் சொற்பம். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: ஊர் ஊராகப் போய் வேறு வேறு பார்க்ரன்களில் ஓடுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள். X நீங்கலாக ஆங்கில எழுத்து ஒவ்வொன்றிலும் பெயர் தொடங்கும் இடங்களில் ஓடி முடிக்கவேண்டும் என்பது அவர்களிடையே பிரபலமான ஒரு சவால். கோயில் கோயிலாகப் பாடல் பெற்ற தலங்களைத் தரிசிக்கும் பக்தரின் சிரத்தை அவர்களுக்கு உண்டு. வெள்ளி இரவே வந்து தங்குகிறவர்கள் இவர்களில் உண்டு. கடலோரத்திலோ மலையிலோ இருக்கும் சிற்றூருக்கு, குளிர்காலத்தில், இவர்கள் உண்மையான புதுவரவு.

பாதை யாருடையது

செலவை எழுதாமல் வரவை மட்டும் எழுதுவது கிராம்ப்டன் சுட்டிய பிழைகளில் ஒன்று என்றேன். பார்க்ரனுக்கு அந்தக் கேள்வி 2016-இல் வந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு வடக்கே லிட்டில் ஸ்டோக் பூங்காவில் வாரம் சுமார் 300 பேர் ஓடினார்கள். பூங்காவைப் பராமரித்துவந்த ஸ்டோக் கிஃபர்ட் ஊராட்சி மன்றம், பாதை தேய்கிறது, மற்ற குழுக்கள் பணம் கட்டும்போது இவர்கள் மட்டும் ஏன் இலவசமாக ஓடவேண்டும் என்று கேட்டு, கட்டணம் விதிக்க வாக்களித்தது. என்றைக்கும் எல்லோருக்கும் இலவசம் என்பதுதான் எங்கள் அடிப்படை, பணம் தர முடியாது என்றது பார்க்ரன். அந்த இடத்தில் ஓட்டம் நின்றுபோனது. இந்தத் தகராறு நாடு முழுக்கப் பேசப்பட்டு, பூங்காவில் இலவசமாக ஓடும் உரிமையைச் சட்டத்தில் எப்படிக் காப்பது என்று 2017-இல் அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் அளவுக்குப் போனது.

அந்த மன்றத்தைப் பலரும் திட்டினார்கள். பேரேட்டை விரித்துப் பார்த்தால் அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. காபிக் கடைக்காரருக்கு வரவு. பாதை போட்ட ஊராட்சிக்குச் செலவு. வரவு ஒருவர் கல்லாவிலும் செலவு இன்னொருவர் கல்லாவிலும் விழும்போது, மொத்தத்தில் லாபமே என்று சொல்வது செலவுக்காரரைச் சமாதானப்படுத்தாது. நம் ஊர்களில் தேர்த்திருவிழா முடிந்த மறுநாள் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர்களிடம் கேட்டால் இதே கணக்கைச் சொல்வார்கள். சிறு ஓட்டத்துக்குச் செலவு குறைவு. ஆனால் அந்தக் குறைந்த செலவு யார் தலையில் விழுகிறது என்று எழுதிவைக்காத ஊரில் சண்டை வரும்.

என் பார்வையில் மன்றம் கேள்வியைச் சரியாகக் கேட்டு, விடையைத் தவறான வாசலில் தேடியது. ஓடுகிறவரிடம் வாசலில் நின்று காசு வாங்கினால் ஓட்டம் நிற்கும். ஓட்டத்தால் ஆதாயம் பெறுகிற கடையின் குத்தகையில் பராமரிப்புக்கு ஒரு பங்கு வைத்தால் ஓட்டமும் நடக்கும், பாதையும் சரியாகும். பூங்காக் கடைகளைப் பெரும்பாலும் அதே உள்ளாட்சிகள்தாம் குத்தகைக்கு விடுகின்றன.

கல்லாவில் விழாத தொகை

பார்க்ரனைப் பற்றிப் பேசும்போது இன்னோர் எண் அடிக்கடி வரும். ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் ஹேக்கும் சக ஆய்வாளர்களும் 2019-இல் புதிதாகச் சேர்ந்த 548 பேரிடம், சேரும்போதும் ஆறு மாதம் கழித்தும் வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்று கேட்டார்கள். திருப்தி கூடியிருந்தது; அதிகம் ஓடாதவர்களாக இருந்தவர்களிடம் கூடுதலாகவே. அந்தத் திருப்தியைப் பிரிட்டன் அரசு கொள்கை மதிப்பீட்டில் பயன்படுத்தும் முறைப்படி பவுண்டாக மாற்றினால் ஆண்டுக்குச் சுமார் 66.7 கோடி என்று 2024-இல் வெளியான அந்த ஆய்வு கணித்தது. செய்த செலவைப் போல் குறைந்தது 16 மடங்கு பயன்.

இந்த எண்ணைக் கடைத்தெரு வருமானத்தோடு சேர்த்துக் கூட்டுகிறவர்கள் உண்டு. அது பெருக்கிப் பிழையைவிட மோசமானது. 66.7 கோடி பவுண்டு எந்தக் கல்லாவிலும் விழுவதில்லை. அதை வைத்துப் பாதைக்கு ஜல்லி வாங்க முடியாது. ஒருவர் மனநிலை மேம்பட்டது நாட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பதன் மதிப்பீடு அது. மருத்துவத் துறை அதைக் கவனித்திருக்கிறது: பிரிட்டனின் பொது மருத்துவர்கள் கழகம் 2018-இல் பார்க்ரனோடு கைகோத்து, நோயாளிகளை ஓட்டத்துக்கு அனுப்பிவைக்கப் பொது மருத்துவர்களின் கிளினிக்குகளை ஊக்குவிக்கத் தொடங்கியது. ஆக, ஒரே ஓட்டத்துக்கு மூன்று பேரேடு. வெளியூர்ப் பணம் எழுதப்படும் சுற்றுலாப் பேரேடு. காலி மேசை நிரம்பியது எழுதப்படும் கடைத்தெருப் பேரேடு. உடம்பும் மனமும் தேறியது எழுதப்படும் நலப் பேரேடு. மூன்றையும் தனித்தனியே எழுதினால் ஒவ்வொன்றும் நம்பத்தக்கது. ஒன்றாகக் கூட்டினால் மூன்றும் கெடும்.

ஊர் கேட்கவேண்டியவை

ஓட்டம் ஒன்று நடத்த அனுமதி கேட்டு வருகிறவர்களிடம் பேரூராட்சித் தலைவர் ஒருவர் கேட்கக்கூடிய கேள்விகள் இந்தக் கணக்கிலிருந்தே கிடைக்கின்றன. பதிவு செய்தவர்களின் அஞ்சல் குறியீட்டு எண்களைக் கொடுங்கள். உள்ளூர் எத்தனை, வெளியூர் எத்தனை? முந்தின இரவு எத்தனை பேர் இங்கே தங்குவார்கள்? அந்த வாரத்தில் நம் லாட்ஜ்களில் எத்தனை அறை வழக்கமாகக் காலி? கட்டணத்தில் எவ்வளவு இந்த ஊருக்கு வெளியே போகிறது? மறுநாள் தெருவை யார் கூட்டுவது, அதற்குக் கூலி யார் தருவது? இவற்றுக்கு விடை சொல்லப் பெரிய ஆய்வு நிறுவனம் தேவையில்லை. பதிவுப் பட்டியலும் லாட்ஜ் பதிவேடும் போதும்.

இன்னொன்றும் கேட்கலாம். தமிழ்நாட்டில் வெயிலுக்குப் பயந்து ஓட்டங்கள் விடிவதற்கு முன்பே தொடங்கி, ஏழரை எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடுகின்றன. முடிகிற இடத்தில் ஒரு கேட்டரிங்காரர் பந்தல் போட்டு, இட்லி பொங்கல் பொட்டலத்தை எல்லார் கையிலும் கொடுத்துவிடுகிறார். அதைத் தின்றுவிட்டு வெளியூர்க்காரர் காரில் ஏறிவிடுகிறார். கடைத்தெரு அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அந்தப் பொட்டலத்துக்குப் பதிலாக, ஊரின் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் செல்லும் ஒரு கூப்பன் கொடுத்தால் செலவு ஒன்றுதான். ஆனால் ஓடியவர் கடைத்தெருவுக்குள் நடந்து போவார். கூப்பனுக்கு மேல் ஒரு காபி சொல்வார். பக்கத்துக் கடையில் பழமோ பூவோ வாங்குவார். அடுத்த முறை குடும்பத்தோடு வரும்போது எந்தக் கடை என்று தெரிந்திருக்கும்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக லனூர்டிட் வெல்ஸில் ஓட்டம் புறப்படுவது ஊருக்கு வெளியே ஏதோ ஒரு மைதானத்திலிருந்து அல்ல. ஊர் நடுவிலிருந்து, அந்த வாதம் நடந்த விடுதிப் பக்கத்திலிருந்து. மலையேறிக் களைத்து வருகிறவர்களுக்கு எந்தக் கதவு திறந்திருக்கவேண்டும் என்பது கோர்டன் கிரீனுக்குத் தெரிந்திருந்தது.